முறை வைத்துச் சுற்றிய பதக்கம்

கொண்டல்பேட்டைக்கு ரிஜிஸ்டர் தபால் வருகிறதென்றால் ஒன்று அது கோர்ட்டு நோட்டீசாக இருக்க வேண்டும், இல்லை, ஊரைவிட்டுப் போன எவனாவது போன இடத்தில் செத்திருக்க வேண்டும். ஆகையால் அந்த வைகாசி மாதத்துப் பதினோரு மணி வெயிலில் தபால்காரர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, மிலிட்டரியிலிருந்து ஓய்வுபெற்று வந்த கலியபெருமாளிடம் மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கியபோது, தெருவிலிருந்த இருபத்திரண்டு வீட்டு ஜனமும் அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றது. பிரித்தால் உள்ளே நீல வெல்வெட்டு டப்பா, டப்பாவுக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு பதக்கம். வெள்ளி மாதிரி மின்னியது; வெள்ளி இல்லை என்று சுண்டிப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஒரு பக்கத்தில் ஒரு மேடும், மேட்டுக்கு மேலே வெயில் அடிக்கிற மாதிரி கோடுகளும். மறுபக்கத்தில் ஒரு தேதியும், இருபத்தைந்து ஆண்டு நிறைவு என்று இந்தியில் ஒரு வரியும். கூட வந்த கடிதத்தில், தேசம் உங்கள் சேவையை மறக்கவில்லை என்று எழுதியிருந்ததே தவிர எந்தச் சேவை என்று எழுதியிருக்கவில்லை.

"எதுக்குக் குடுத்தாங்க இத?" என்று கேட்டாள் அவர் மனைவி தனபாக்கியம்.

"சர்வீஸ்ல இருந்ததுக்கு."

"எல்லாரும்தான் இருந்தாங்க. நம்ம கோதண்டம் அண்ணன் ஒரு காலையே குடுத்துட்டு வந்தாரு, அவருக்கு ஒரு தகர டப்பா கூட வரலியே."

கலியபெருமாள் பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாதது அந்த வீட்டில் புதுசில்லை. வயிற்றுவலிக்கு எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்டால்கூட, சொல்லலாமா கூடாதா என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் இடத்தைக் காட்டுவார். மனுஷன் பிறவியிலேயே அப்படி இல்லை, வடக்கே போய் வந்த பிறகுதான் அப்படி ஆனார் என்று தனபாக்கியம் சொல்வாள். வடக்கே என்றால் எங்கே என்று கேட்டால் அவளுக்கும் தெரியாது, வடக்கே என்று மட்டும்தான் அவர் அவளிடம் சொல்லியிருந்தார்.

எதற்குக் கொடுத்தார்கள் என்று கலியபெருமாளுக்குத் தெரியும். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், மழை என்றால் என்னவென்று பிள்ளைகள் கேட்கிற ஒரு பாலைவனத்தில், தண்ணீருக்குக் கிணறு என்று சொல்லி ஒரு குழி தோண்டச் சொன்னார்கள், தோண்டினார்கள். தண்ணீர் வரவில்லை, இன்னும் தோண்டு என்றார்கள், தோண்டினார்கள். அப்புறம் அந்தக் கிணற்றுக்குள் எதையோ இறக்கி, மண்ணைப் போட்டு மூடி, ஒருநாள் காலை எட்டு மணிக்கு எல்லாரையும் வெகுதூரம் தள்ளிக் கொண்டுபோய் முதுகு காட்டி உட்காரச் சொன்னார்கள். கலியபெருமாள் திரும்பிப் பார்த்துவிட்டார். பூரி எண்ணெயில் உப்புவது மாதிரி தரை உப்பி எழுந்தது, ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் மேடாக நின்றது, பிறகு அந்த மேடு உள்ளே போய்விட்டது. இறங்கவில்லை, சரியவில்லை, போய்விட்டது; அந்த இடத்தில் ஒரு கோயிலைக் குளத்தோடும் கோபுரத்தோடும் வைக்கிற அளவுக்குப் பள்ளம் இருந்தது. பார்த்ததைப் பெற்றவள் கட்டியவள் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அன்று சாயங்காலமே ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வாங்கிய அதிகாரி அதை மறந்திருப்பான், தாளைக் கரையான் தின்றிருக்கும், கலியபெருமாள் மட்டும் மறக்கவில்லை.

கொண்டல்பேட்டை என்பது ஒரே தெரு. ஆறு கடலில் போய் விழுவதற்கு ரெண்டு கல்லுக்கு முன்னால், கரையைவிடத் தாழ்ந்த மண்ணில், இப்படி ஒரு இடத்தில் யாராவது வீடு கட்டுவார்களா என்று வருகிறவர்களெல்லாம் கேட்கிற இடத்தில், மேற்கிலிருந்து கிழக்காக நீண்டு கிடந்த தெரு. ஐப்பசி பத்துத் தேதிக்கு ஒரு நாள் முன்னே பின்னே ஆறு தெருவுக்குள் வரும். வருஷா வருஷம் வரும், விருந்தாளி மாதிரி வரும், நாலு நாள் இருந்துவிட்டுப் போகும். பதக்கம் வருவதற்கு முந்தின ஐப்பசியில் அது போகும்போது கலியபெருமாளின் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனது.

மகள் விருத்தாம்பாளை அவர் வெளியூரில் கொடுக்கவில்லை. அதே தெருவின் கிழக்குக் கோடியில், ஆற்றை ஒட்டிய கடைசி வீட்டில், படகு விடுகிற சுப்பராயலுவுக்குக் கொடுத்திருந்தார். அன்று மத்தியானம் சுப்பராயலு ஆட்களை அக்கரை சேர்க்கப் போயிருந்தான். விருத்தாம்பாள் மாட்டை அவிழ்த்துவிடக் கொல்லைக்கு ஓடியிருந்தாள். எட்டு மாதப் பிள்ளை தூளியில் இருந்தது. வீட்டுக்குள் இருந்தது கலியபெருமாள் ஒருவர்தான். பின்சுவர் விழுந்து ஆறு உள்ளே வந்தது. மறுநாள் தூளித் துணி மட்டும் கிடைத்தது. ஊரே அழுதது, தனபாக்கியம் மண்ணில் புரண்டு அழுதாள், கலியபெருமாள் அழவில்லை. கல்லுய்யா அந்த ஆளு என்றார்கள். அவருக்கும் அப்படித்தான் பட்டது. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தால் குடியிருந்தவர்கள் காலிசெய்துகொண்டு போன வீடு மாதிரி இருந்தது. என்ன நடந்தது என்று விருத்தாம்பாள் அவரைக் கேட்கவில்லை. கேட்காததால் அவரும் சொல்லவில்லை.

இப்படியிருக்க, பதக்கம் வந்த பத்தாம் நாள் தனபாக்கியம் கோலம் போட வாசலில் இறங்கினாள், கால் தரைக்கு எட்டவில்லை. பதக்கம் வருகிறவரை ரெண்டு படி இறங்கினால் தெரு. இப்போது ரெண்டு படி முடிந்தும் தெரு கீழே கிடந்தது. சுவரில் விரிசல் இல்லை, உறியில் தொங்கிய மோர்ச்சட்டி ஆடவில்லை, வீடு இருந்தபடியே இருந்தது, தெரு மட்டும் ஒவ்வொரு நாளும் விடிந்தால் ஒரு விரற்கடை கீழே போய்க்கொண்டிருந்தது. எலி வளை என்று சிலர் சொன்னார்கள், பூமிக்குள் ஊற்று முட்டுகிறது என்று சிலர் சொன்னார்கள், மாரியம்மாள் எழுந்தருளப் போகிறாள் என்றும் ஒரு பேச்சு கிளம்பி அடங்கியது. புளி போட்டுத் தேய்ப்பதற்காகத் தனபாக்கியம் பதக்கத்தை எருமைக் கொட்டகைக்கு எடுத்துப்போய் அங்கேயே மறந்து நாலு நாள் விட்டபிறகு, வீடு நின்றது, கொட்டகை ஏறியது. அதோடு காரணம் தெரிந்துபோயிற்று, பதக்கம் திரும்ப வீட்டுக்குள் வந்தது, காரணம் தெரிந்துபோனதால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பேசுவதற்கு வேறு விஷயங்கள் இருந்தன. படி கட்ட வேண்டியிருந்தது. கொத்தனார் ஆரோக்கியசாமி வாரத்துக்கு ஒரு படி என்று கட்டினார், கடைசிப் படியை மட்டும் பூசாமலே விடுவார், எப்படியும் அடுத்த வாரம் அதற்குக் கீழே ஒன்று வரப்போகிறது. எருமை ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தது, அதற்குச் சாய்வாக ஒரு தடம் வெட்டினார்கள். தபால்காரர் கீழேயிருந்தே மணியடிப்பார், தனபாக்கியம் கயிற்றில் கூடையை இறக்குவாள். குழாய்த் தண்ணீர் மேலே வரவில்லை, அதற்கும் கூடைதான், குடம் வைத்த கூடை. ஆவணி மாதம் கலியபெருமாளின் வீடு ஒரு ஆள் உயரத்தில் இருந்தது. யார் வீட்டுக்காவது வழி சொல்ல வேண்டுமென்றால், மேட்டு வீட்டிலிருந்து எத்தனையாவது என்று சொல்லப் பழகிவிட்டார்கள்.

ஐப்பசியில் ஆறு வந்தது. இருபத்தொரு வீடுகளுக்குள் இடுப்பளவு நின்றது. மேட்டு வீட்டின் பாதிப் படிகளோடு நின்றுவிட்டது. நாலு நாளும் தெரு ஜனம் மொத்தமும், ஆடு கோழியோடு, அந்த ஒரு வீட்டில் இருந்தது. பொங்கித் தின்றார்கள், சீட்டு விளையாடினார்கள், ஒரு பிரசவம்கூட நடந்தது. விருத்தாம்பாள் மட்டும் நாலு நாளும் கதவுப் பக்கம் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளை உள்ளே கூப்பிடவில்லை.

தண்ணீர் வடிந்து பொங்கலும் முடிந்த மறுநாள் வார்டு மெம்பர் ஜெகதாம்பாள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு படியேறி வந்தாள். பெரிய குரல்காரி, ஆனால் நியாயமானவள். தன் வீட்டுக்கு முதலில் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"அண்ணே, நேராவே கேக்குறேன். ஒனக்கு ரெண்டு ஆள் ஒசரம் வந்தாச்சு. இனிமே ஏறி என்ன பண்ணப்போற, மேகத்துலயா துணி காயப்போடப் போற? வாய்க்கா தண்ணிக்கு மொற வெச்சிருக்கோம்ல, அதே மாதிரி இதுக்கும் வெச்சுருவோம். மேக்கேருந்து தொடங்கி வீட்டுக்கு ஒரு மாசம். தலைமடையிலேர்ந்து கடைமடை. யாருக்கும் கூடவும் வேணாம், கொறயவும் வேணாம்."

கலியபெருமாள் வாயைத் திறந்தார். ஏறுவது இறங்கும் என்று சொல்ல நாக்கு மேலண்ணம் வரைக்கும் வந்தது. மெதுவாக இறங்காது, ஒரு மூச்சில் போகும், அது என் வீட்டோடு போகட்டும், இதை இங்கேயே போட்டுவைத்துவிட்டு நானும் கிழவியும் வேறெங்காவது போய்விடுகிறோம் என்று சொல்லியிருக்கலாம். அந்தத் தாள் நினைவுக்கு வந்தது. தாளில் தன் கையெழுத்து நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டார். மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஜெகதாம்பாள் வெற்றிலைப் பாக்கை நீட்டினாள், அவரும் எடுத்துக்கொண்டார்.

முறை என்றால் கொண்டல்பேட்டைக்காரர்களுக்கு உயிர். தண்ணீரானாலும், மீன் பிடிக்கிற மடுவானாலும், கோயில் தேருக்குத் தோள் கொடுப்பதானாலும் முறை போட்டுவிட்டால் சண்டை இல்லை. எல்லாருக்கும் பங்கு வந்துவிட்டால் எதுவும் யாருக்கும் கெடுதல் செய்யாது என்பது அவர்கள் ரத்தத்தில் ஊறின எண்ணம். மாசம் பிறந்தால் முந்தின வீட்டுக்காரி குளித்துவிட்டு, பித்தளைத் தட்டில் பதக்கத்தை வைத்து, ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்து, கிழக்கே அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவாள். வாங்குகிறவள் வீட்டு நடுவில் ஒரு கருங்கல் பலகையைப் பதித்து வைத்திருப்பாள், அதைத் தூக்கி அடியில் வைத்து மூடுவாள். மாசத்துக்கு இடுப்பளவு. சொந்தக்காரர் என்கிற முறையில் கலியபெருமாளையும் ஒவ்வொரு தடவையும் கூட அழைத்துப்போய்ச் சந்தனம் வைத்தார்கள். தையில் ஒரு வீடு, மாசியில் ஒரு வீடு, பங்குனியில் ஒரு வீடு, இப்படிச் சங்கிலி மாதிரி போய்க்கொண்டே இருந்தது, ஒவ்வொரு வீடும் எழுந்து நின்றது, தெரு நடுவில் வாய்க்கால் மாதிரி கீழே கிடந்தது. வாசலுக்கு வாசல் பலகை போட்டு, தெருவில் இறங்காமலே ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகக் கற்றுக்கொண்டார்கள். அக்கரைக்காரர்கள் கொண்டல்பேட்டையில் பெண் கொடுக்க முன்வந்தார்கள், நனையாத இடம் என்று. தாலுகா ஆபீசிலிருந்து ஒருத்தர் அளவுகோலோடு வந்தார், அளந்தார், கொண்டுவந்த வரைபடத்தில் இந்த மண் பள்ளம் என்று போட்டிருந்தது, அவர் அளவில் மேடு என்று வந்தது, ரெண்டு தடவை அளந்து பார்த்துவிட்டு வரைபடத்தில் உள்ளபடியே எழுதிக்கொண்டு, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

கலியபெருமாள் தினமும் காலையில் எட்டு மணிக்குச் சாப்பிடாமல் கொள்ளாமல் வாசலில் நின்று, மேற்கேயிருந்து கிழக்குவரை எழும்பி நின்ற வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். எட்டு தாண்டின பிறகுதான் பழையசோற்றுக்கு உட்காருவார். ஒரு வீட்டோடு போயிருக்க வேண்டியதை ஊர் முழுக்க விதைத்துவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்ததே தவிர, அது வலிக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி அவ்வப்போது அந்த நினைப்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார், அவ்வளவுதான்.

ரெண்டாம் வருஷம் பங்குனியில் விருத்தாம்பாளுக்கு மறுபடியும் ஒரு பிள்ளை பிறந்தது. பெண். அப்போது பதக்கம் பதினைந்தாவது வீட்டில் இருந்தது. கடைமடைக்கு வர இன்னும் ஆறு மாசம் இருந்தது. புரட்டாசி முதல் தேதிதான் அவள் முறை; மாசம் முடிந்தால் ஐப்பசி. தெரு முழுக்க ஏறிவிட்டதால், ஏறாத அந்த ஒரே வீட்டுக்கு இந்தத் தடவை ஆறு மொத்தமாக வரும் என்று எல்லாருக்கும் தெரியும்.

கலியபெருமாள் அந்த ஆறு மாசமும் கணக்குப் போட்டபடி இருந்தார். கொடுத்தால் அந்தப் பிள்ளையை மேட்டுக்கு மேலே உட்காரவைத்த மாதிரி. கொடுக்காவிட்டால் ஆற்றுக்குக் கீழே உட்காரவைத்த மாதிரி. சொல்லாமல் கொடுத்தால் ரெண்டாவது பிள்ளையும் தன் கையால்தான் போகும். ஆவணி முடிகிற அன்று, இருபதாவது வீட்டுக்காரி தட்டைத் தூக்கக் குளித்துவிட்டு வந்தபோது, "எம் பொண்ணு வூடு, நானே கொண்டுபோறேன். யாரும் கூட வர வேணாம்" என்றார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை, தட்டைக் கொடுத்துவிட்டார்கள்.

கடைசிப் பலகையைத் தாண்டிய பிறகு ஏணி வழியாக இறங்கித்தான் விருத்தாம்பாள் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அவள் கூடத்தில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பருப்புச்சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் கருங்கல் பலகை கழுவித் தயாராக இருந்தது. கலியபெருமாள் தட்டைச் சுவரோரம் வைத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"விருத்தா. இத வாங்காத."

"ஏம்பா?"

அவர் சொன்னார். பாலைவனத்திலிருந்து தொடங்கினார். கிணறு என்று சொல்லித் தோண்டியதைச் சொன்னார். அதில் இறக்கியது அணுகுண்டு என்று சொன்னார், அந்தச் சொல்லை அவர் வாய் அதற்கு முன் சொன்னதே இல்லை, வேறு யாரோ சொன்ன மாதிரி இருந்தது. எட்டு மணியைச் சொன்னார், முதுகைத் திருப்பச் சொன்னதைச் சொன்னார், தான் திரும்பிப் பார்த்ததைச் சொன்னார்.

"மேடா எழும்பி நிக்கும். பாக்க நல்லாத்தான் இருக்கும். அப்புறம் உள்ள போயிரும். எப்பன்னு தெரியாது. போறப்ப மேல இருக்கறது எதுவும் மிஞ்சாது."

விருத்தாம்பாள் ஒரு கவளத்தைப் பிள்ளை வாயில் வைத்து, வழிந்ததைப் புறங்கையால் துடைத்தாள்.

"இத நீ யார்கிட்டயும் சொன்னதில்லியா?"

"இல்ல."

"அம்மாகிட்ட?"

"இல்ல."

"இருவத்தேழு வருசமா?"

"கையெழுத்துப் போட்டிருக்கேன்."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபம் இல்லை; காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"குண்டு சமாச்சாரம் எங்களுக்குத் தெரியாது. மத்தது எல்லாருக்கும் தெரியும்பா."

"என்னா தெரியும்?"

"கீழ ஒண்ணும் இல்லேன்னு தெரியும். போன வருச ஆடியில மெம்பர் வூட்டுல கம்பம் நட ஆரோக்கியசாமி அண்ணன் குழி போட்டாரு. கடப்பார கைய விட்டு நழுவிப் போச்சு. போச்சுன்னா போச்சு, கீழ வுழுந்த சத்தம் வரல. கல்லப் போட்டுப் பாத்தாங்க, அதுவும் வரல. ஒரு ஒரலையே தள்ளிப் பாத்தாங்களாம். அப்புறம் எல்லாருமா சேந்து குழிய மூடி சிமெண்ட்டப் பூசிட்டாங்க. மறாநாளே தெரு பூரா தெரியும்."

"தனபாக்கியத்துக்கு?"

"அம்மாதான் எனக்கு வந்து சொன்னிச்சு."

"எங்கிட்ட ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"நீ சங்கடப்படுவேன்னுதான். கவருமெண்ட்டு குடுத்தது, மனுசன் பெருமையா வெச்சிருக்காரு, அவரு மனசு நோவக் கூடாதுன்னு மெம்பரு எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாங்க."

ஊர் முழுக்க அவரிடம் மறைத்துக்கொண்டு, அவர் ஊரிடம் மறைத்துக்கொண்டு, மாசாமாசம் சந்தனம் பூசி ஒருத்தருக்கொருத்தர் கும்பிட்டிருக்கிறார்கள். சிரிக்கிற விஷயம்தான். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"தெரிஞ்சும் வாங்குறீங்களா?"

"மாசம் ஒண்ணு போனா ஆறு வரும்பா. அது தேதி சொல்லிட்டு வருது. நீ சொல்றது என்னிக்கோ. நாளைக்கா இருக்கலாம், இவ பேரன் பேத்தி எடுத்த பொறவா இருக்கலாம்." அவள் பிள்ளையின் வாயைக் கழுவிவிட்டாள். "எல்லாரும் இப்பிடித்தான் பேசிக்கிட்டாங்க. பேசுனது ஒரே ஒரு நாளு. அப்புறம் யாரும் பேசல."

"வேற ஊருக்குப் போயிரலாம் விருத்தா."

"எந்த ஊருக்கு?"

அவருக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்த இடம் ரெண்டு, ஒன்று இது, இன்னொன்று அந்தப் பாலைவனம்.

விருத்தாம்பாள் எழுந்தாள். கல்லைத் தூக்க ரெண்டு கையும் வேண்டும். "இவள புடிப்பா" என்று பிள்ளையை நீட்டினாள். பிறந்த ஆறு மாசத்தில் கலியபெருமாள் அந்தப் பிள்ளையைத் தொட்டதில்லை. யாரும் கொடுக்கவுமில்லை, அவரும் கேட்கவுமில்லை. வேண்டாம் என்று சொல்வதற்குள் பிள்ளை அவர் மடியில் இருந்தது. கனமாக இருந்தது. பருப்புச்சோற்று வாசனை அடித்தது. அவருடைய மேல்சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துப் பார்த்து, வராததால் வாயில் வைத்துக்கொண்டது.

அப்போது அவருக்குப் பயம் வந்தது. இருபத்தேழு வருஷமாக வராத பயம், வெள்ளம் வந்த அன்றைக்கும் வராத பயம். பிள்ளை நழுவிவிடுமோ என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்தப் பயம் வலித்தது, வலிக்கிறது என்று அவருக்கே தெரிந்தது.

"விருத்தா. அன்னிக்கு நான் அரிசி மூட்டைய மொதல்ல தூக்கிட்டேன்."

கல்லின் ஓரத்தில் விரலைக் கொடுத்திருந்த விருத்தாம்பாள் அப்படியே நின்றாள்.

"தூளி ஒசரமாத்தான இருக்கு, மூட்டைய பரண்ல போட்டுட்டு வந்து தூக்கிக்கலாம்னு நெனச்சேன். ஏத்திட்டுத் திரும்பறதுக்குள்ள..."

"தெரியும்பா."

"எப்படி?"

"வூட்ல நனையாம இருந்தது அது ஒண்ணுதான்." அவள் கல்லைப் பார்த்தபடியே சொன்னாள். "ரெண்டு மாசம் அந்த அரிசியத்தான் பொங்கித் தின்னோம். நீயும் வந்து சாப்புட்ட."

கலியபெருமாள் அழுதார். சத்தமாக அழத் தெரியவில்லை, பழக்கமில்லாததால் இருமல் மாதிரி வந்தது. பிள்ளை பொத்தானை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தது. விருத்தாம்பாள் சமாதானம் சொல்லவில்லை, கிட்டே வரவில்லை, கல்லைப் புரட்டிச் சுவரில் சாய்த்தாள், தட்டிலிருந்து பதக்கத்தை எடுத்து முந்தானையில் ஒரு துடை துடைத்தாள், மேடு போட்ட பக்கம் மேலே தெரிய மண்ணில் வைத்தாள். கல்லைத் திரும்பப் போட்டு மூடி, மூலையில் மண்ணை அணைத்து, மேலே ஏறி நின்று ரெண்டு தடவை மிதித்தாள்.

"அம்மாவயும் கூட்டிக்கிட்டு வந்துரு. இனிமே இங்கயே இருங்க ரெண்டு பேரும்" என்றாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, பிள்ளையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள்.

கலியபெருமாள் கொடுக்கவில்லை. "கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றார். அவர் உட்கார்ந்திருந்த தரை மேலே வரத் தொடங்கியிருந்தது.